ஏழு பாகை

நவம்பர் 9, சனி

காலையிலிருந்து மழை. இரண்டாமாண்டு விடைத்தாள்கள் நாற்பத்தொன்றைத் திருத்தி முடித்தேன். நிகழ்தகவைப் பற்றி எழுதச் சொன்னால் பாதிப் பேர் நம்பிக்கையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

லூசியன் ரேடார் வாங்கப் போகிறாராம். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். முப்பத்திரண்டு அடி, ஃபைபர் உடம்பு, பெயர் ஸ்டெல்லா. மூன்று வருஷமாகத் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. வரும் பிப்ரவரியில் அதைக் குமரி முனை சுற்றிக் கொச்சிக்கு ஓட்டிப் போக வேண்டும் என்பது அவர் திட்டம். இரண்டு பகல், இரண்டு இரவு. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும். அதனால் நான் போவதாகப் பேச்சே எழவில்லை.

முப்பது வருஷம் கண்ணால் பார்த்து ஓட்டியவருக்கு இப்போது ரேடார் எதற்கு என்று கேட்டேன். குமரிக்குத் தெற்கே கப்பல் நெரிசல் என்றார். கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் தாமே அறிவித்துக்கொண்டு வருகின்றன, அதைக் காட்டும் கருவி படகில் ஏற்கெனவே இருக்கிறது என்றேன்.

“சொல்லிக்கிட்டு வாரவனைத்தான் அது காட்டும். சொல்லாம வாரவனை ரேடார்தான் காட்டணும். வள்ளத்துக்காரன் எவன் சொல்லிக்கிட்டு வாரான்?”

நியாயமான பதில்தான். ஆனால் அவர் பேசும் விதமாக இல்லை. சாப்பிடும்போது தெரிந்தது, அது ஜெசிந்தா சொன்னது.

நவம்பர் 12, செவ்வாய்

ஜெசிந்தா வீட்டுக்கு வந்திருந்தாள். துறைமுகச் சாலையில் கப்பல்களின் ரேடார், ரேடியோ எல்லாம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். நாற்பத்தொரு வயது. கணவன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. கையில் சாலிடரிங் சூடு பட்ட தழும்புகள். உரக்கச் சிரிக்கிறாள். என்னை அக்கா என்கிறாள், அவரைக் கேப்டன் என்கிறாள்.

அவர் அவளை ஜெசி என்கிறார். இருபத்துமூன்று வருஷமாக என்னைப் பிரிசில்லா என்று முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். பெயரைச் சுருக்குவது எனக்குப் பிடிக்காது என்று கல்யாணமான புதிதில் நானே சொன்னதாக நினைவு.

நவம்பர் 17, ஞாயிறு

ரேடாரை எங்கே பொருத்துவது என்று இரண்டு மணி நேரம் பேச்சு. மூடிய வட்டப் பெட்டி, பெரிய இட்லிக் கொப்பரை அளவு. பாய்மரத்தில் உயரமாக வைத்தால் தூரம் தெரியும். ஆனால் பாய்மரத்தைக் கிரேன் வைத்துக் கழற்ற வேண்டும், உச்சியில் கனம் ஏறினால் படகின் ஆட்டமும் கூடும். படகின் பின்புறத்தில் தனிக் கம்பம் நட்டு வைத்தால் வேலை எளிது, தூரம் குறையும்.

ஜெசிந்தா கம்பம் என்றாள். நான் பாய்மரம் என்றேன். உயரத்தை வைத்து அடிவானத் தூரம் கணக்கிடும் சூத்திரத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவள் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, “கணக்கு சரிதான்க்கா. ஆனா நம்மள இடிக்கப் போற வள்ளம் பத்து மைலுக்கு அந்தால இருக்காது. மூணு மைலுக்குள்ள இருக்கும்” என்றாள்.

அவள் சொல்வது சரி. கம்பத்துக்கும் நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன், அதுவும் அவள் பக்கமே வந்தது. அந்தத் தாளை நான் காட்டவில்லை.

கம்பம் என்று முடிவானது. திரை பன்னிரண்டு அங்குலம். இத்தனை சின்னப் படகுக்கு அவ்வளவு பெரிய திரை பேட்டரியைக் குடித்துவிடும் என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் “இருக்கட்டும்” என்றார்கள். ஏதாவது பொருள் ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள் வந்தால் தானாகக் கத்தும் மணியும் வேண்டுமாம், அதுவும் உரக்கக் கத்த வேண்டுமாம்.

நவம்பர் 23, சனி

ரேடார் பார்க்க மதுரைக்குப் போனார்கள், அவள் காரில், அவள் ஓட்ட. காலை ஆறரைக்குக் கிளம்பி மாலை ஐந்துக்கு வந்தார்கள். அவர் முகத்தில் புதுக் கறுப்புக் கண்ணாடி. வெயிலே இல்லாத நாள். யார் வாங்கிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்தும் வெகு நேரம் அதைக் கழற்றவில்லை.

ரேடார் எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கு என்றார். விளக்கப் புத்தகம் தரவில்லையா என்றேன். மறந்துவிட்டாராம்.

நவம்பர் 24, ஞாயிறு

பூசையில் சாமியார் சந்தேகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பொதுவாக நன்றாகப் பேசுவார்.

டிசம்பர் 1, ஞாயிறு

சாளை மீன் குழம்பு வைத்தேன். அவருக்குச் சிறு வயதிலிருந்தே பிடித்தது. தட்டில் அப்படியே ஒதுக்கிவிட்டு, இனிமேல் சீலா மீன் மட்டும் வாங்கு, முள் எடுக்கப் பொறுமை இல்லை என்றார். மணப்பாட்டில் கடற்கரையோடு பிறந்தவர், சாளையை உதட்டாலேயே முள் பிரித்துத் தின்றவர்.

முள்ளில்லாத மீனை யார் வீட்டில் பழகினார் என்று யோசித்தேன். யோசித்ததை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

முன்பெல்லாம் அவர் ஃபோனில் தட்டித்தான் செய்தி அனுப்புவார், அதுவும் நிறுத்தற்குறி எல்லாம் போட்டு. இப்போது பேசிப் பதிந்து அனுப்புகிறார். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுகிறார். எழுத்தாக எதுவும் மிஞ்சுவதில்லை.

இன்னொன்று. என்னிடம் பேசும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் இடது காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்க்கிறார். இன்று சோதித்துப் பார்த்தேன். அவர் பார்வை போன இடத்துக்கு நான் சற்று நகர்ந்து நின்றேன். உடனே பார்வை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. மூன்று முறை நகர்ந்தேன், மூன்று முறையும் அதே. மூன்று என்பது சிறிய மாதிரி, அதை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்று வகுப்பில் சொல்கிறவள் நான்.

ஆனாலும் சன்னல் வரை நகர்ந்துவிட்டேன்.

டிசம்பர் 14, சனி

வெல்டிங் சவரிமுத்து கம்பத்தைக் கொண்டுவந்து நட்டார். துருப்பிடிக்காத குழாய், தளத்திலிருந்து பத்தடி. நிற்கிறவர்களின் தலைக்கு மேலே ரேடார் சுற்ற வேண்டும் என்பதால் அந்த உயரம். இரண்டு சாய்கால்கள்.

லூசியன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, நடுவில் வளைந்திருக்கிறது என்றார். சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. “கேப்டன், தூக்குநூல் போட்டுப் பாருங்க. வளைஞ்சிருந்தா குழாயத் தூக்கி என் தோள்ல வச்சு ஊரைச் சுத்தி வாரேன்.” நூல் போட்டார்கள். மயிரிழை பிசகில்லை. லூசியன் குழாயைக் கையால் மேலிருந்து கீழாகத் தடவினார்.

ஜெசிந்தா அவர் முழங்கையைத் தொட்டு, டீ குடிக்கப் போகலாம் என்றாள். முழங்கையைத் தொட்டாள் என்பதை நான் பார்த்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ரேடார் ஏறிவிட்டது. நான்கு போல்ட்டு. கேபிளைக் குழாய்க்குள் இறக்க, அவள் படகின் தளத்துக்கு அடியில் குப்புறப் படுத்து இரண்டு மணி நேரம் கிடந்தாள். வெளியே வந்தபோது தலைமுடி முழுக்க கிரீஸ். அழகாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் லூசியன் அவளைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து நாளாயிற்று.

கேக்குக்கு முந்திரி வாங்க வேண்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்று ரேடாருக்கு நேர்கோடு வைத்தார்கள். மூன்றாவது ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு போனேன்.

செய்முறை எளிது. ரேடாருக்குப் படகின் முகப்பு எந்தப் பக்கம் என்று தானாகத் தெரியாது, சொல்லித்தர வேண்டும். துறைமுக வாயிலுக்கு வெளியே ஒரு சிவப்பு மிதவை. படகின் முகப்பை அதற்கு நேராகத் திருப்ப வேண்டும். ஒருவர் பாய்மரத்தடியில் நின்று, முகப்புக்கு இறங்கும் கம்பியும் மிதவையும் ஒன்றின் மேல் ஒன்றாக வரும்போது ‘இப்போ’ என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே திரையில் இருப்பவர் அந்தக் கணத்தில் மிதவையின் புள்ளியை நடுக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவார். ஒருமுறை செய்தால் போதும்.

என்னைச் சுக்கானில் உட்கார வைத்தார்கள். “கேப்டன், நான் மேல நிக்கட்டா? நீங்க கீழ ஸ்கிரீனைப் பாருங்களேன்” என்று ஜெசிந்தா இரண்டு தடவை கேட்டாள். கெஞ்சுகிற குரல், எனக்குக் கூசியது. “முப்பது வருஷமா நான் பாத்த மிதவை” என்று லூசியன் பாய்மரத்தடியிலேயே நின்றுகொண்டார். அவள் கீழே போனாள்.

மூன்று முறை வட்டமடித்தோம். இரண்டு முறை அவர் வாயே திறக்கவில்லை. மூன்றாவது முறை “இப்போ” என்றார். மிதவை கம்பிக்குக் கொஞ்சம் வலப்புறம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. ஆனால் நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், ஓரத்திலிருந்து பார்த்தால் எதுவும் நேராகத் தெரியாது. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

கீழேயிருந்து அவள் “வச்சாச்சு கேப்டன்” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு துறைமுகம் திரும்பும் வரை என் காதில் இருந்தது. வாந்தி வரவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

முயல் தீவு வரை போய்த் திரும்பினோம், நாங்கள் இருவர் மட்டும். ரேடார் நன்றாக வேலை செய்கிறது. தோணி, மிதவை, கலங்கரை விளக்கம் எல்லாம் மஞ்சள் புள்ளிகளாக வருகின்றன.

ஆனால் சரியான இடத்தில் வரவில்லை. கைத்திசைகாட்டியால் ஒவ்வொன்றின் திசையையும் அளந்து திரையோடு ஒப்பிட்டேன். ஒன்பது அளவுகள். ஒன்பதிலும் புள்ளி ஏழு பாகை இடப்புறம் தள்ளி விழுகிறது. இரண்டு மைல் தூரத்தில் அது கால் மைல் பிழை. இருட்டில் ஒரு வள்ளம் நேர் எதிரே வந்தாலும், பக்கத்தில் போகிறது என்றே திரை காட்டும்.

நேர்கோடு தவறு. ஜெசிந்தா தவறாக வைத்திருக்கிறாள்.

லூசியனிடம் சொல்லவில்லை. அவர் அவளிடம் சொல்வார், அவள் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவாள்.

ஜனவரி 6, திங்கள்

இன்று வகுப்பில் உற்சாகமாகப் பாடம் நடத்தினேன் என்று மாணவிகள் சொன்னார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு ஜெசிந்தாவையும் சவரிமுத்துவையும் கூப்பிட்டேன். சீலா வறுவல், சொதி. பரிமாறி முடித்ததும், அன்று எடுத்த அளவுகளை எழுதிய தாளை மேசையில் வைத்தேன். ஒன்பது வரி, சின்ன எழுத்து, கடைசியில் சராசரி. நிதானமாக விளக்கினேன். குரலை உயர்த்தவில்லை. பிப்ரவரியில் இப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொன்னேன்.

“டீச்சர் கடலுக்கும் மார்க் போட ஆரம்பிச்சாச்சு” என்றார் சவரிமுத்து. யாரும் சிரிக்கவில்லை.

தாளை லூசியனிடம் நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்திருந்தார், பிறகு படிக்காமலே மடித்தார். ஜெசிந்தா ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“என் தப்புதான்க்கா. அன்னைக்கு நான் சரியா பாக்கல.”

ஒரு விளக்கமும் இல்லை, சாக்கும் இல்லை. ஐந்து வருஷமாகக் கப்பல் கப்பலாக ஏறி ரேடார் பார்க்கிறவள். நான் நாலைந்து எதிர்வாதங்களுக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை. லூசியன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். அப்படித்தான் எழுத வேண்டும்.

ஜனவரி 13, திங்கள், காலை

கல்லூரிக்குக் கிளம்பும் முன் டிசம்பர் 29-ஐத் திருப்பிப் படித்தேன். அவள் செய்த தவறு எந்த இடத்தில் என்று குறித்துக்கொள்ளலாம் என்றுதான் எடுத்தேன்.

‘இப்போ’ என்றது யார் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அவள் கீழே இருந்தாள். அவளுக்கு மிதவையே தெரியாது. குரல் வந்த கணத்தில் புள்ளியை நடுக்கோட்டில் வைத்தாள், அதைத் துல்லியமாகச் செய்திருக்கிறாள். கம்பிக்கு ஏழு பாகை வலப்புறம் இருந்த மிதவையை நேர் எதிரே என்று சொன்னது லூசியன்.

முப்பது வருஷமாகப் பார்த்த மிதவை.

பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன். வளையாத கம்பத்தை வளைந்தது என்றாரே. சாளை. கறுப்புக் கண்ணாடி, மதுரை. அந்த ஊரில் ரேடார் கடை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது.

எல்லாம் நானே எழுதியவை. தேதி போட்டு.

கல்லூரிக்கு ஃபோன் செய்து அரைநாள் விடுப்புச் சொன்னேன்.

ஜனவரி 16, வியாழன்

இன்று ஜெசிந்தாவின் கடைக்குப் போனேன். ஏதோ ஒரு கருவியைப் பிரித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சாலிடரிங் கம்பியை அணைத்துவிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். நான் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ரெண்டு கண்ணுலயும் நடுவுலதான்க்கா மறைக்குது. ஓரம் நல்லாவே தெரியும். நேராப் பாத்தா பொருளே காணாமப் போயிருது, கோடெல்லாம் வளைஞ்சு தெரியுதாம். ஊசி போட்டிருக்காக, இனிமே மோசமாகாம நிறுத்தலாம்னு டாக்டர் சொன்னாக. போனது வராது.”

அவர் என்னைப் பார்த்துப் பேசுவதில்லை என்று சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அப்பிடி இல்லக்கா. உங்க முகம் தெரியணும்னா அவுக உங்க காதைத்தான் பாக்கணும்.”

சற்று நேரம் எதிரே இருந்த கால்நடை மருந்துக்கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் நகர நகர அவர் பார்வை தள்ளிப் போனதும், சன்னல் வரை நான் போனதும் நினைவுக்கு வந்தன.

உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். அக்டோபரில் என்றாள். திரையைப் பற்றிப் பேச வந்தவர், எழுத்து எவ்வளவு பெரிதாக்கலாம் என்று கேட்டிருக்கிறார். இவள் காரணம் கேட்டிருக்கிறாள். சொல்லிவிட்டார். அவ்வளவு எளிதாக.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கையிலிருந்த திருகாணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்டச் சொன்னா ரிப்போர்ட் எங்கன்னு கேப்பீங்களாம். படிச்சிட்டுச் சரியான முடிவா எடுத்துருவீங்களாம். படகு போயிருமாம். ‘பிரிசில்லா சொல்லுறது சரியாத்தான் இருக்கும், அதான் பயமா இருக்கு’ன்னாக.”

அன்று பழியை எதற்கு ஏற்றுக்கொண்டாய் என்றேன். தனக்கு அது ஒரு நாள் தப்பு, அடுத்த மாதம் மறந்துவிடும், கேப்டனுக்கு அப்படி இல்லை என்றாள். அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கொச்சிக்கு எப்படிப் போவதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். அவுக ஓட்டுவாக, நான் பாப்பேன்னு பேச்சு என்றாள்.

அவர் ஓட்டுவார், இவள் பார்ப்பாள். இந்த மூன்று மாதத்தில் நான் கற்பனை செய்த எதுவும் இவ்வளவு வலிக்கவில்லை.

ஒருத்தியே நாற்பத்தெட்டு மணி நேரம் விழித்திருந்து கடலைப் பார்க்க முடியாது என்று சொன்னேன். இது வெறும் கணக்கு. அவள் ஆமாம்க்கா என்றாள். படகில் மூன்று பேர் படுக்க இடம் இருக்கிறது என்றும் சொன்னாள்.

ஜனவரி 17, வெள்ளி

வாந்தி மாத்திரை நான்கு அட்டை வாங்கினேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்து கல்லூரியிலிருந்து நேராகத் துறைமுகத்துக்குப் போனேன். சேலையை மாற்றவில்லை. நேர்கோட்டை மறுபடி வைக்க அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். காற்று இல்லை, கடல் தகடு போலக் கிடந்தது.

லூசியன் வழக்கம்போலப் பாய்மரத்தடிக்குப் போகப் பார்த்தார். நான் அங்கே முன்பே போய் நின்றுகொண்டேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். ஜெசிந்தா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கீழே இறங்கிப் போனாள். அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத வேண்டுமானால் அது இதுதான்.

“நீங்க சுக்கானைப் பிடிங்க. இனிமே ‘இப்போ’ நான் சொல்லுதேன்.”

அவர் நகரவில்லை.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“ஜெசிந்தாவுக்குத் தெரிஞ்சு மூணு மாசம் கழிச்சு.”

இதைவிட மென்மையாக ஏதாவது சொல்ல நினைத்துத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். வாயில் வந்தது இதுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பின்புறம் போய்ச் சுக்கானைப் பிடித்தார். கையால் தடவாமல், தடுமாறாமல் போனார். அந்தப் படகில் ஒவ்வொரு கயிறும் அவருக்குத் தெரியும்.

முதல் வட்டத்திலேயே கிடைத்தது. அவர் கை அவ்வளவு நிதானம், நான் இடம், வலம் என்று சொல்லச் சொல்லப் படகு ஒரு விரற்கடை பிசகாமல் திரும்பியது. சிவப்பு மிதவை நகர்ந்து வந்து கம்பிக்குப் பின்னால் மறைந்தது. இப்போ என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. கீழேயிருந்து ஜெசிந்தா வச்சாச்சு என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை. கைத்திசைகாட்டியால் ஐந்து பொருள்களை அளந்து பார்த்தேன். ஐந்தும் ஒத்து வந்தன. இன்னும் நான்கு எடுத்தேன். அவையும்.

ரிப்போர்ட்டை வீட்டில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். படிப்பேன். சரியான முடிவு எது என்று எனக்கு இப்போதே தெரியும், அதை எடுக்கப் போவதில்லை. முகப்பில் நின்று பார்ப்பது நானும் ஜெசிந்தாவும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி. தூங்கப் போகும் நேரம் தவிர அவர் சுக்கானை விட்டு எழுந்து வரக்கூடாது. இது என் நிபந்தனை. ஜெசிந்தாவை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

துறைமுக வாயிலுக்குத் திரும்பும்போது பின்புறம் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். என்ஜினை மெதுவாக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். என் இடது காதுக்குப் பக்கத்தில், கடலில் எதையோ பார்ப்பது போல, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.